கஞ்சியைக் கடித்துக் குடிக்க முடியுமா?

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வீட்டில் இருந்தால், மூன்றாம் இயலின் விரிவானப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். கி.ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி இருக்கும். பசியும் களைப்புமாக வந்த வழிப்போக்கன் ஒருவனை, புஞ்சையில் வேலை செய்கிறவர்கள் கஞ்சி கொடுத்துத் தேற்றுகிற இடம். கூடவே கரிசல் சொற்களுக்கு ஒரு பட்டியல்: நீத்துப்பாகம் என்றால் மேல்கஞ்சி, மகுளி என்றால் சோற்றுக்கஞ்சி, வரத்துக்காரன் என்றால் புதியவன், கடிச்சு குடித்தல் என்றால் வாய்வைத்துக் குடித்தல்.

திருநெல்வேலிப் பிள்ளைக்குமா இந்தப் பட்டியல்? ஆம், அவர்களுக்கும்தான். கி.ரா.வின் இடைசெவல் பழைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. ஆனால் அது வானம் பார்த்த கரிசல் பூமி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கமோ தாமிரபரணித் தண்ணீரில் காரும் பிசானமும் விளைகிற நஞ்சை. மண் மாறினால் சொல்லும் மாறிவிடுகிறது. பாளையங்கோட்டையில் மாடிவீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பிசானமே புதுச்சொல் என்பது வேறு விஷயம்!

கதைக்கு முன்பே சொற்களைக் கற்றுத் தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் இலக்கியத்துக்குள் போனார்கள். படிப்பதை யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷனும் சொல்கிறார்.

சிக்கல் எங்கே என்றால், பட்டியல் முழுவதும் கரும்பலகைக்கு ஏறுகிறது. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், ஒரு மதிப்பெண்ணுக்காக உருப்போடுகிறார்கள், கதையைப் படிக்காமலே தேர்வு முடிந்துவிடுகிறது.

எல்லாச் சொல்லையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ‘வரத்துக்காரன்’ என்பதை விட்டுவிடலாம். கால்வாயில் வந்து குளத்தில் சேரும் தண்ணீரை ‘வரத்து’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, வெளியூரிலிருந்து வந்தவன் என்று தானே ஊகித்துவிடும். அந்தச் சந்தோஷத்தை ஏன் பறிக்க வேண்டும்? ‘மகுளி’யை ஊகிக்க முடியாது, அதைச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டாலும் பிள்ளை நின்று, “ஆச்சி, மகுளின்னா என்ன?” என்று வீட்டில் கேட்கும். தெரியாத சொல் தன்னைத் தெரியாத சொல் என்று காட்டிக்கொள்ளும்.

ஆபத்து, தெரிந்த சொல்போல வருகிற சொல்லில்தான். நெல்லைக் கதையில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டினார் என்று வந்தால் சென்னைப் பிள்ளை கட்டடத்துச் சாரத்தை நினைத்துக்கொள்ளும். இங்கே சாரம் என்றால் கைலி. ‘கடிச்சு குடித்தல்’ அந்த வகை. கடிக்கத் தெரியும், குடிக்கத் தெரியும், ஆகவே பிள்ளை நிற்காமல் தாண்டிவிடும். ஆசிரியர் முதலில் எழுத வேண்டிய சொல் அதுதான்.

பொருளை மட்டும் எழுதினால் போதாது. பலர் புழங்கும் பாத்திரத்தில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதுதான் கிராமத்து வழக்கம். இன்றும் பல வீடுகளில் செம்பில் வாய் வைத்தால் அதட்டல் விழும். வாட்டர் பாட்டிலோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. இந்த ஒன்றை இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கதையைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒருவனை வாய் வைத்தே குடிக்க விடுகிற அந்த மனிதர்கள் யார் என்று வகுப்பு கவனிக்கும். விருந்தோம்பலைப் பற்றிய இயலில் இந்தக் கதை ஏன் இருக்கிறது என்பதற்குத் தனி விளக்கமும் தேவைப்படாது.

மிச்சச் சொற்களைக் கதை முடிந்தபின் தேடலாம். கி.ரா.வே தொகுத்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ இருக்கிறது. பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி கேட்டுப் பாருங்கள்.