கல்லுக்குள் சிப்பியும் ஒரு சிறுவனின் வினாவும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் இருக்கின்றன. வெட்டப்பட்டு நிற்கும் பாறைச் சுவரை உற்று நோக்கினால், அது வெறும் கல்லன்று, சிப்பிகளின் அடுக்கு என்பது விளங்கும். கடற்கரையோ அங்கிருந்து வெகு தொலைவில் உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிச் சுற்றுலாவில் அவற்றைக் கண்டு திரும்பிய என் தங்கை மகன், "மாமா, அவ்வளவு தூரத்தில் கடற்சிப்பி எப்படி வந்தது?" என்று கேட்டான். "நூஹ் நபி (அலை) அவர்களின் காலத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது" என்று ஒரு கணமும் யோசியாமல் பதிலுரைத்தேன். அவ்வாரமே ஜும்ஆ பயானிலும் அதனைப் பெரும் சான்றாக எடுத்துரைத்தேன். பின்னர் அவன் கல்லூரியில் மண்ணியல் பயின்றான். ஒருநாள், "மாமா, நீங்கள் சொன்னது அந்தக் கல்லோடு பொருந்தவில்லையே" என்று தயங்கித் தயங்கிக் கூறினான். எனக்குச் சினம் வந்தது உண்மை. அதன்பின் நெடுநாள் அவன் என்னிடம் மார்க்க விஷயம் எதையும் கேட்கவில்லை. அந்த மௌனந்தான் என்னைப் படிக்க வைத்தது.

நம் வீட்டு மூத்தோர் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலைச் சூளையிலிட்டு நீற்றி எடுத்ததன்றோ? ஓடும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருளாலானவை. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் நிலம் ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடலின் அடித்தளமாயிருந்தது என்பர் மண்ணியலார். அங்கே அடியில் கூழாங்கல் கலந்த படுகை. அதற்கு மேல் இனோசெராமஸ் என்னும் சிப்பி மிகுந்த பாறை. அதற்கும் மேல் கிரைபியா என்னும் வளைந்த ஓட்டுச் சிப்பிகள் நெருங்கிக் கிடக்கும் பாறை. பெருவெள்ளம் அனைத்தையும் வாரிக் கொட்டியிருந்தால் இவை கலந்தல்லவா கிடக்க வேண்டும்? அன்றியும், இரு ஓடுகளும் பிரியாமல் மூடியபடியே கல்லான சிப்பிகள் உள்ளன. இறந்த சிப்பியின் ஓட்டைக் கடற்புழுக்கள் துளைத்த வடுக்கள் உள்ளன. அதே ஓட்டின்மேல் வேறு சிற்றுயிர்கள் ஒட்டி வளர்ந்து கூடு கட்டியுள்ளன. ஒன்று வாழ்ந்து மடிந்து, அதன்மேல் மற்றொன்று குடியேறி வாழ்ந்திருக்கிறது. அமைதியான கடலில் தலைமுறை தலைமுறையாக நடந்த வாழ்க்கையே அங்கே பதிவாகியுள்ளது.

இதனால் நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றுக்கு இழுக்கு ஏதேனும் உண்டா? அறவே இல்லை. அவர்கள் தம் சமுதாயத்தாரிடம் அனுப்பப்பட்டதைத் திருமறை கூறுகிறது. கப்பல் ஜூதி மலையில் தங்கியதையும் கூறுகிறது. வெள்ளம் உலகம் முழுவதையும் மூடிற்றா, அம்மக்களின் நிலத்தை மட்டும் மூடிற்றா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அரியலூர்ச் சிப்பிகளை அதற்குச் சாட்சியாக நிறுத்தும்படி மறை எங்கும் நம்மைப் பணிக்கவில்லை. பூமியின் வயது இத்தனை ஆண்டு என்றும் அது கூறவில்லை. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதாக 17ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டவர் அயர்லாந்தின் கிறிஸ்தவப் பேராயர் அஷ்ஷர். அடுத்த வீட்டுக் கடனை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம் முன்னோர் சுமக்கவில்லை. கி.பி. 1025இல் அல்பீரூனி, ஊர்களின் இருப்பிடத்தைக் கணிப்பது பற்றித் 'தஹ்தீத்' என்ற நூலை எழுதினார். அரபு நாட்டுப் பாலை ஒரு காலத்தில் கடலாயிருந்து பின்னர் தூர்ந்தது என்றும், கிணறு தோண்டுகையில் வெளிப்படும் கற்களை உடைத்தால் சிப்பியும் சோழியும் காணப்படுகின்றன என்றும் அதில் குறித்தார். அவர் காலத்தவரான இப்னு சீனாவோ, சிறுவயதில் ஜைஹூன் ஆற்றங்கரையில் கண்ட களிமண், ஏறக்குறைய 23 ஆண்டுகளுக்குப் பின் மென்கல்லாக மாறியிருந்ததைத் தம் 'ஷிஃபா'வில் பதிவு செய்தார். ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர் நம் திருச்சிப் பகுதிச் சிப்பிகளை ஆராய்ந்து நூல்கள் வெளியிடத் தொடங்கியது 1860களில். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிந்தித்தான்!

இப்னு சீனாவின் தத்துவங்களைக் கடுமையாக மறுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அந்த மறுப்பு நூலின் முன்னுரையிலேயே ஓர் எச்சரிக்கை தந்திருக்கிறார்கள். கிரகணம் பற்றிய கணக்கு ஐயமின்றி நிறுவப்பட்டது; மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி அதனை மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறான் என்பது அதன் கருத்து. ஏனெனில், கணக்கை அறிந்தவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான்; மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். என் தங்கை மகன் விஷயத்தில் நான் செய்யவிருந்த தீங்கு அதுவே. மதரஸாவில் அந்நூலின் பெயரை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! முன்னுரை நினைவில் நிற்கவில்லை.

படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதைப் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு 29ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் பணிக்கிறான். பார்க்கச் சொன்னவன், பார்த்து வந்த பிள்ளையை அதட்டச் சொல்லவில்லை.

சென்ற மாதம் அதே மிம்பரில் நின்று, முன்பு கூறியதைத் திருத்திக் கூறினேன். சில பெரியவர்களுக்கு அது உவப்பாயில்லை. "ஹஜ்ரத், நீங்களே தவறென்று ஒப்புக்கொண்டால் ஜமாஅத்தார் எதைத்தான் நம்புவார்கள்?" என்று ஒருவர் வாசலில் நிறுத்திக் கேட்டார். அரியலூர் மாவட்டத்தின் வாரணவாசியில் இச்சிப்பிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவரையும் அங்கே அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். தங்கை மகன் உடன் வந்து விளக்குவதாகச் சொல்லியிருக்கிறான்.