திரும்பி வந்த மடல்கள்



சென்ற ஆண்டு என்னால் நேர்ந்த பிழையொன்றைக் கூறி இம்மாதக் கட்டுரையைத் தொடங்குகின்றேன். இது உங்கள் இல்லத்திலும் அலுவலகத்திலும் நாளை நேரக்கூடியது என்பதனாலேயே எழுதத் துணிந்தேன்.

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் பட்டியலாகச் சேர்த்து வைத்திருக்கின்றோம். 600-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பு என் கைக்கு வந்தபோது, விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. இன்று, நாளை என்று ஐந்து நாட்களைப் போக்கிவிட்டு, ஓரிரவு இஷாவுக்குப் பின் கணிப்பொறியின் முன் அமர்ந்தேன். பட்டியல் ஆங்கில அகரவரிசையில் அமைந்தது. அப்துல்லாக்களும் அஹ்மதுகளும் முன்வரிசையில் நிற்பர். யூசுபுகளும் ஜாகிர்களும் கடைசியில் காத்திருப்பர். பெயர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து அனுப்பினேன். ஐந்து தொகுதிகள் சென்றன. ஆறாவது தொகுதி, ஆங்கிலத்தில் இரண்டு வரிகளைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது.

அவ்விரண்டு வரிகளை நான் வாசிக்கவில்லை. இணைப்பில் ஏதோ கோளாறு என்று எண்ணி மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினேன். பயனில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் மதரஸாவில் தேர்வு. நினைவே எழவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கும் தாயொருவர், ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்துகள் மாறிக் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்தார். மகன் பாலிடெக்னிக்கில் பயில்கின்றான். அவனுடைய பெயர் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருப்பது.

"அஜ்ரத், எல்லாப் பிள்ளைகளுக்கும் லெட்டர் வந்துச்சாமே. எம் மவனுக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார்.

நாள் கடந்துவிட்டது. அறக்கட்டளையினரிடம் நான் நேரில் மன்றாடியும், விதி விதியே என்று கூறிவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்றிரவுதான் திரும்பி வந்த மடலைத் திறந்து வாசித்தேன். ஒரு நாளில் அனுப்பத்தக்க அளவை உமது கணக்கு கடந்துவிட்டது என்பதே அதன் பொருள். கோளாறு எதுவும் இல்லை. ஒரு வரம்பு இருந்தது. அதை நான் அறிந்திருக்கவில்லை.

நேயர்களே! மின்னஞ்சல் கணக்கு வழங்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும், ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. சான்றாக, பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஜிமெயில் கணக்கில் 24 மணி நேரத்திற்குள் 500 பெறுநர் என்பது எல்லை. நிறுவனங்கள் பணம் செலுத்திப் பெறும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் நாளொன்றுக்கு 2,000 மடல்கள். இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மடலை 100 பேருக்கு அனுப்பினால் அது ஒன்றென எண்ணப்படுவதில்லை. பெறுநர் கணக்கில் 100 என்றே எண்ணப்படும். பி.சி.சி. என்னும் மறைவுக் கட்டத்தில் இட்டாலும் எண்ணிக்கை குறையாது.

இவ்வெல்லை எதற்காக? 1978-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளரான கேரி துயர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலைப்பின்னலில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கேளாமல் வந்து குவியும் மடல்களின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. 1982-இல் ஜான் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை வகுத்தபோது, அனுப்புபவர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்திற்காக எழுந்த வீடு அது. கதவுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. பின்னர் உலகமே உள்ளே நுழைந்தது. உங்கள் கடவுச்சொல்லைத் திருடிய ஒருவன் உங்கள் பெயரால் ஓரிரவில் இலட்சம் பொய் மடல்களை அனுப்பிவிடாமல் காப்பதும் இன்று இவ்வெல்லையே.

நம் நாட்டில் இதற்கொப்பான நிகழ்ச்சியொன்று உண்டு. தொல்லை தரும் விளம்பரக் குறுஞ்செய்திகளைத் தடுக்கும் பொருட்டு, 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சிம் அட்டையிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அது 200 ஆக உயர்த்தப்பட்டது. 2012 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம், வணிக நோக்கமின்றித் தனிமனிதர் அனுப்பும் செய்திகளுக்கு அவ்வரம்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மற்றொன்று நிகழ்ந்தது. பரவிய வதந்திகளால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு இரயிலேறினர். அப்பொழுது மத்திய அரசு சில நாட்களுக்கு ஒருவர் ஐந்து குறுஞ்செய்திகளே அனுப்பலாம் என்று ஆணையிட்டது. ஒரே வரம்பு ஓரிடத்தில் நல்லவனின் வாயை மூடுகின்றது. மற்றோரிடத்தில் அஞ்சியோடும் மக்களைக் காக்கின்றது. ஆகவே வரம்பைச் சபிப்பதிலும் பயனில்லை, அறியாதிருப்பதிலும் நன்மையில்லை.

இனி, மடல் திரும்பி வந்தால் செய்ய வேண்டியது யாது?

முதலாவது, திரும்பி வந்த மடலில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். எங்கள் கிருஷ்ணன்கோவில் பேருந்து நிறுத்தத்தில் மாலை வேளையில் நின்றிருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடத்துநர் "எடமில்ல, அடுத்த வண்டில வாங்க" என்று சொல்வதும் உண்டு. "இந்த வண்டி வத்திராயிருப்பு போகாது" என்று சொல்வதும் உண்டு. 4 என்று தொடங்கும் எண் முன்னதைப் போன்றது. தற்காலிகத் தடை, பெரும்பாலும் இயந்திரமே சற்று நேரம் கழித்து மீண்டும் முயலும். 5 என்று தொடங்குவது பின்னதைப் போன்றது. இயந்திரம் அத்துடன் கைவிட்டுவிடும். நாளெல்லையைக் கடந்ததற்கு ஜிமெயில் தரும் எண் 550, அதையடுத்து 5.4.5 என்றிருக்கும். மறுநாள் தடை நீங்கினாலும் அம்மடல் தானாகப் போய்ச் சேராது. நீங்களே மீண்டும் அனுப்ப வேண்டும். நான் இடறிய இடம் இதுவே.

இரண்டாவது, அதே கணக்கிலிருந்து நண்பர் ஒருவருக்கு மட்டும் ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். அதுவும் அதே காரணத்துடன் திரும்பினால், தடை உங்கள் கணக்கின் மீது உள்ளது. அது சென்று, குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் திரும்பினால் குறை அந்த முகவரியில் உள்ளது. 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. எழுத்துப் பிழையைத் தேடுங்கள். 5.2.2 அல்லது 4.2.2 என்றிருந்தால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. 535 என்று வந்தால் உங்கள் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. எண் எதுவுமின்றி, தொடர்பு கிட்டவில்லை என்று மட்டும் வந்தால், உங்கள் மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்பில் 25 என்னும் வாயில் எண் இருக்கின்றதா என்று பாருங்கள். இணைப்பு தருவோர் பலர் அவ்வாயிலை அடைத்து வைக்கின்றனர். 587 என்பதே மடல் அனுப்புவதற்குரிய வாயில்.

மூன்றாவது, எல்லைத் தடை என்று உறுதியானால் பொத்தானை விட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒன்று முதல் 24 மணி நேரத்திற்குள் ஜிமெயில் மீண்டும் திறந்துவிடும். திரும்பத் திரும்பத் தட்டுவதால் தடை நீளக்கூடும். சென்று சேர்ந்தவர்களுக்கே இரண்டாம் முறையும் போய்ச் சேரக்கூடும்.

நான்காவது, எவரெவருக்குச் சென்றது, எவர் எஞ்சியுள்ளனர் என்பதை உடனே தாளில் எழுதி வையுங்கள். இரவு 11 மணிக்கு நினைவில் இருப்பது காலையில் இருப்பதில்லை. அவசரமாயின் எஞ்சியோரைத் தொலைபேசியில் அழையுங்கள். அன்று நான் இரண்டு மணி நேரம் ஒதுக்கி அழைத்திருந்தால், அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலியும் அவருடைய மகனுக்கு ஓராண்டு உதவித்தொகையும் மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவது, பெருந்தொகையினருக்கு அடிக்கடி அனுப்புவோர் எல்லையில் பாதியளவே நாளொன்றுக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்து அனுப்புங்கள். பள்ளிகளும் ஜமாஅத்துகளும் தங்களுக்கெனத் தனிக்கணக்கு வைத்துக்கொள்வதே முறை. இயங்காத முகவரிகளை ஆண்டுக்கொரு முறை நீக்கிவிடுங்கள்.

பிறருக்குச் சேர வேண்டிய செய்தி நம் கையில் இருக்கும் வரை அது அமானிதமாகும். அனுப்பினேன் என்று சொல்வதால் மட்டும் பொறுப்புத் தீராது. சேர்ந்ததா என்று பார்ப்பதும் நம் பொறுப்பே.

அந்த மாணவனுக்கு இவ்வாண்டு, அறிவிப்பு வந்த அன்றே முதல் மடல் சென்றது. பட்டியலையும் மாற்றிவிட்டேன். ஒரு முறை முன்னிருந்து தொடங்கினால் மறுமுறை பின்னிருந்து தொடங்குகின்றேன். யூசுபும் ஜாகிரும் எல்லாக் காலத்திலும் கடைசியிலேயே நிற்க வேண்டியதில்லையே!

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.