ஊருக்கு மறைக்கலாம்... நர்சுக்கு மறைக்கலாமா? முதல் 'செக்கப்'புக்கு 12 வாரம்தான் கெடு!

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்ற பேச்சே இப்போது அநேகமாக இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் 3 மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன கர்ப்பிணிகள் 100-க்கு சுமார் 77 பேர்தான். மீதி 23 பேர் அந்தக் கெடுவுக்குள் போகவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பிறகு ஏன் இந்தத் தாமதம்?

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்" என்ற பழக்கம்தான் முதல் காரணம். கரு கலைவது பெரும்பாலும் முதல் 3 மாதத்தில்தான் என்பதால் பெரியவர்கள் அப்படிச் சொல்லி வைத்தார்கள். அடுத்த காரணம் கூலி. பனியன் கம்பெனியோ, செங்கல் சூளையோ, நடவு வேலையோ, ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று நாள் ஓடி விடுகிறது.

வாரக் கணக்கில்தான் சிக்கல்

டாக்டர்கள் கர்ப்பத்தை எண்ணுவது கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளில் இருந்து. நாள் தள்ளிப் போனது தெரியும்போதே 4 வாரம் முடிந்து விடும். '3 மாசம் முடிஞ்சு போகலாம்' என்பவர் போய்ச் சேரும்போது 13-வது வாரம். 12 வாரக் கெடு தாண்டி விட்டது.

இந்த நாட்களில்தான் குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயம் எல்லாம் உருவாகின்றன. முதுகுத்தண்டு சரியாக மூட உதவுவது போலிக் அமில மாத்திரை. அதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. பிரசவத் தேதியைக் கணிக்கவும் முதல் 3 மாத ஸ்கேன்தான் துல்லியம். ரத்த சோகையும் சும்மா விடுவதில்லை. அதே ஆய்வில் தமிழக கர்ப்பிணிகள் 100-க்கு 48 பேருக்கு ரத்த சோகை இருந்தது. முன்னாடியே தெரிந்தால் மாத்திரை, சாப்பாட்டிலேயே தேற்றி விடலாம். பிரசவ நேரத்தில் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து.

என்ன கொண்டு போகணும்?

பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். ஆதார் அட்டை, அந்தப் பெண்ணின் பெயரில் உள்ள பாங்க் பாஸ்புக், போன் நம்பர் ஆகியவை கையில் இருக்கட்டும். கடைசி மாதவிலக்கு தேதியை காலண்டரில் பார்த்துக் குறித்துக் கொண்டு போவது முக்கியம். பழைய மருந்துச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம். வலிப்பு, பிரஷர், தைராய்டு மாத்திரைகளை பயந்து தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

அரை நாளாவது ஒதுக்க வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து சர்க்கரை பார்ப்பார்கள். இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. எடை, பிரஷர், சிறுநீர், ரத்த அளவு, ரத்த வகை, எச்.ஐ.வி., பால்வினை நோய், மஞ்சள் காமாலை கிருமி ஆகியவையும் பார்க்கப்படும். எச்.ஐ.வி. என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இது சந்தேகப்பட்டு எடுப்பது அல்ல, எல்லா கர்ப்பிணிக்கும் எடுப்பதுதான். இருந்தால் குழந்தைக்குப் போகாமல் தடுக்க மருந்து இருக்கிறது.

மாமியார் முன்னால் சொல்ல முடியாததும் உண்டு

முன்பு கரு கலைந்தது, கலைத்தது, சிசேரியன் ஆனது, சொந்தத்தில் கல்யாணம் செய்தது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை, வலிப்பு இருப்பது என எல்லாவற்றையும் நர்சிடம் சொல்லி விட வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் வாய் வராது. 'தனியா பேசணும்' என்று கேட்டால் போதும். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக் கூடாது. சொல்வதும் கேட்பதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

பதிவு செய்தால் கிடைக்கும் 'பிக்மி' எண்ணை பத்திரமாக வைக்க வேண்டும். 2017 அக்டோபரில் இருந்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் கேட்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தொகை 2018-ல் 18 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். முதல் 2 பிரசவத்துக்கு உண்டு. 12 வாரத்துக்குள் பதிவு என்பது இதற்கும் முக்கியம். தவணை விவரத்தை அந்தப் பகுதி நர்சிடமே கேட்டுக் கொள்ளலாம். அரை நாள் கூலியை எண்ணி இதைக் கோட்டை விடலாமா?

ஒன்று மட்டும். ரத்தப் போக்கு, அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம் வந்தால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

பெரியவர்கள் சொன்னது தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்பதுதான், நர்சுக்குச் சொல்ல வேண்டாம் என்பதல்ல. சொந்தபந்தத்துக்கு 3 மாசம் கழித்துச் சொல்லிக் கொள்ளலாம். நாள் தள்ளிப் போனால் அடுத்த செவ்வாய்க்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும்!