பெயர் எங்களுடையது, அணி யாருடையது?

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் அணி, லங்கா பிரீமியர் லீக் சுற்றுப்போட்டியின் முதல் ஐந்து பருவங்களில் நான்கு தடவைகள் கிண்ணத்தைச் சுவீகரித்தது. 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி சம்பியனானபோது குடாநாட்டில் மட்டுமன்றி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வெடி கொளுத்தி மகிழ்ந்தோர் உண்டு. ஆயினும் அந்த ஐந்து பருவங்களிலும் ஒரு போட்டியேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. அணியின் உரிமை இரு தடவைகள் பறிக்கப்பட்டது. அவ்விரு சந்தர்ப்பங்களிலும் யாழ்ப்பாணத்து ரசிகனின் கருத்தைக் கேட்பதற்கு எந்தவோர் ஏற்பாடும் இருக்கவில்லை. அணியை மீளக் கட்டியெழுப்புவது பற்றிப் பேசுவோர் முதலில் இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்து நோக்குதல் வேண்டும்.

கொரோனாப் பெருந்தொற்றின் மத்தியில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இந்தச் சுற்றுப்போட்டி ஆரம்பிக்கப்பட்டது. எல்லாப் போட்டிகளும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் அற்ற மைதானத்திலேயே நடைபெற்றன. ஜப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் திசர பெரேரா தலைமையில் களமிறங்கிய எமது அணி, இறுதிப் போட்டியில் காலி அணியை 53 ஓட்டங்களால் தோற்கடித்தது. அந்த வெற்றியின் ஈரம் காயுமுன்னரே, 2021இல் அணி உரிமையாளர்களுடனான ஒப்பந்தத்தை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் முல்லைத்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனம் உரிமையைப் பெற்றுக்கொள்ள, அணி ஜப்னா கிங்ஸ் எனப் பெயர் மாறியது. அதன் பின்னர் மூன்று கிண்ணங்கள் கிடைத்தன. 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை எனக் கூறப்பட்டு அந்த உரிமையும் இரத்துச் செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நடைபெறவிருந்த ஆறாவது பருவமும், 2026 இருபதுக்கு இருபது உலகக் கிண்ண ஏற்பாடுகளை முன்னிட்டு ஒத்திவைக்கப்பட்டது.

இந்த மாற்றங்களுக்கு ரசிகர்கள் காட்டிய பிரதிபலிப்புகளை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, கோபம். "வெல்கின்ற அணியைக் கலைப்பார்களா? எங்கள் பெயர் இருப்பதனால்தானே இந்த நிலை?" என்பது தேநீர்க் கடைகளிலும் மைதானத்து மதில்களிலும் அமர்ந்து பேசுவோரிடம் அடிக்கடி கேட்கக்கூடிய குரல். இரண்டாவது, நம்பிக்கை. அடுத்து வருகின்ற முதலாளி இன்னும் அதிகமாகச் செலவிடுவார், இன்னும் பெரிய வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவருவார் என்ற எதிர்பார்ப்பு அது. மூன்றாவது, அலட்சியம். "யார் வந்தால் எங்களுக்கென்ன, ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தானே பார்க்கப்போகிறோம்" என்ற சலிப்பு அது.

இவற்றுள் முதலாவது பிரதிபலிப்பை நிதானமாகப் பரிசீலிப்பது எமது கடமையாகும். எமது மக்கள் பட்ட அனுபவங்கள், கொழும்பில் எடுக்கப்படும் எந்தத் தீர்மானத்தையும் சந்தேகத்துடன் நோக்கும் பழக்கத்தை உருவாக்கியுள்ளன. அதில் நியாயமும் உண்டு. எனினும் இந்த விடயத்தில் உண்மை வேறு விதமாக இருக்கின்றது. 2021இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணியுடன் சேர்த்து உரிமை இழந்தது கொழும்பு கிங்ஸ். 2025இல் ஜப்னா கிங்ஸ் அணியுடன் சேர்த்து உரிமை இழந்தது கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ். இரு தடவையும் தலைநகரின் அணிக்கும் அதே கதியே நேர்ந்துள்ளது. 2024இல் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானபோது அந்த ஒப்பந்தமும் உடனடியாக இரத்துச் செய்யப்பட்டு, அணி வேறு பெயரில் வேறு உரிமையாளரிடம் சென்றது. ஆகவே இது இனத்தின் பெயரால் நேர்ந்த ஓரவஞ்சனை என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. நிபந்தனைகளை நிறைவேற்றாத உரிமையாளரை நீக்கும் அதிகாரம் சுற்றுப்போட்டியை நடத்துவோருக்கு இருக்கவே வேண்டும். வீரர்களின் ஊதியமும் போட்டியின் நேர்மையும் அதிலேயே தங்கியுள்ளன.

அவ்வாறாயின் யாழ்ப்பாணத்து ரசிகனுக்குக் குறையே இல்லையா? உண்டு. ஆனால் அது உரிமையாளர் மாற்றத்துக்கு மிகவும் முந்தியது. 2022இல் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் நடத்திய தேசிய சுப்பர் லீக் போட்டிகளிலும் ஐந்து அணிகளுள் ஒன்றுக்கு யாழ்ப்பாணம் என்றே பெயர் சூட்டப்பட்டது. அதன் வீரர்களோ பெரும்பாலும் தெற்கின் கழகங்களில் இருந்து தெரிவானவர்கள். முதல்தரக் கழகங்கள் கொழும்பையும் அதன் அயலையும் மையமாகக் கொண்டிருக்கும் நாட்டில், வடக்கின் இளைஞன் முன்னேற விரும்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைநகருக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. இங்கு எமது ஊரின் பெயர் இரவல் கொடுக்கப்பட்டிருக்கின்றது. இரவல் கொடுத்தவனுக்கு அதற்கான பலன் வந்து சேரவில்லை.

இதற்கு விதிவிலக்காக அமைந்தவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ். மத்திய கல்லூரியின் மாணவரான இச்சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசெம்பரில் தனது 18 வயதில் ஸ்டாலியன்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அவர் கைப்பற்றிய முதலாவது விக்கெட் அஞ்சலோ மெத்தியூஸினுடையது. பின்னர் 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே மாதத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் பந்து வீசினார். ஒரு வாய்ப்பு ஓர் இளைஞனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அணியில் பெயர் சேர்க்கப்பட்ட ஏனைய வடக்கு இளைஞர்களில் பெரும்பாலோர் களத்தில் நின்றதிலும் பார்க்க வெளியே அமர்ந்திருந்ததே அதிகம். நான்கு கிண்ணங்களை வென்ற அணி, ஊருக்கு இன்னும் நான்கு வியாஸ்காந்துகளைத் தந்ததா என்பதே ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நிர்வாகத்தின் தலைகளை மாற்றுவதால் மட்டும் விளையாட்டு திருந்திவிடாது என்பதை நாடு முழுவதும் அறிந்துகொண்ட ஆண்டு 2023. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோற்றது. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். கிரிக்கெட் நிறுவனத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் நடைபெற்றது. அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க நவம்பர் 6ஆம் திகதி நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. நவம்பர் 9இல் பாராளுமன்றம் நிர்வாகம் விலக வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானித்தது. நவம்பர் 10இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அதே மாத இறுதியில் அமைச்சரே பதவி இழந்தார். தடை 2024 ஜனவரியில் நீங்கியது. ஆனால் இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் அதற்குள் தென்னாபிரிக்காவுக்குச் சென்றுவிட்டது. பெரியவர்களின் சண்டையில் பிள்ளைகள் இழந்தனர்.

அதே ஆண்டு ஜனவரியில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையும் பீபா தடைசெய்தது. ஓகஸ்ட் மாத இறுதி வரை அத்தடை நீடித்தது. உதைபந்தாட்டம் என்பது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிழக்கின் கரையோரக் கிராமங்களிலும் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் உயிராக நேசிக்கும் விளையாட்டு. தேசிய அணியின் சீருடையைக் கனவு கண்டிருந்த அவர்களுக்கு ஏழு மாதங்கள் எத்துணை பெரிய இழப்பு என்பதை, விளையாட்டு வீரனின் ஆயுட்காலம் எவ்வளவு குறுகியது என்று அறிந்தவர்கள் உணர்வார்கள்.

ரசிகர்கள் தமது பலத்தை வேறு விதமாகப் பயன்படுத்திய உதாரணங்கள் உலகில் உண்டு. 2002இல் இங்கிலாந்தின் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தை, ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடமாற்ற அனுமதி வழங்கப்பட்டது. ரசிகர்கள் சில வாரங்களுக்குள் தமக்கெனப் புதிய கழகத்தை ஆரம்பித்து, அடிமட்டத்து லீக்கில் இருந்து தொடங்கினர். 2011இல் அக்கழகம் தொழில்சார் லீக்கை அடைந்தது. 2020இல் தனது பழைய வீதிக்கே திரும்பி வந்து புதிய மைதானத்தில் ஆடியது. அயலிலுள்ள கேரளத்தில், பிளாஸ்டர்ஸ் அணியின் 'மஞ்ஞப்பட' ரசிகர் அமைப்பு 2024, 2025 காலப்பகுதியில் தனது அணியின் நிர்வாகத்துக்கு எதிராகவே குரல் எழுப்பியது. சென்னை அணி இரண்டு ஆண்டுத் தடையின் பின்னர் 2018இல் மீண்டபோது, அதன் போட்டிகள் பூனேக்கு மாற்றப்பட்டும் ரசிகர்கள் தனி ரயிலேறிச் சென்றனர். அந்தப் பற்று சேப்பாக்கத்து ஆசனங்களில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து வளர்ந்தது. மைதானம் இல்லாத இடத்தில் ரசிகன் வெறும் பார்வையாளனாகவே நின்றுவிடுகின்றான்.

யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய பற்று புதிதன்று. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் போர்' 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்படுகின்றது. ஒவ்வோர் ஆண்டும் அந்த மூன்று நாட்களுக்காகக் கடல் கடந்து வரும் பழைய மாணவர்கள் இருக்கின்றனர். அவ்வணிகளின் நிர்வாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை தமக்கு உண்டென அவர்கள் உணர்கின்றனர். ஏனெனில் அது அவர்களுடைய பாடசாலை.

யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு உரித்துடையோர் யாவர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்கின்றனர். சோனகதெருவைப் பெற்றோரின் வாய்மொழியால் மட்டும் அறிந்த இளைஞன் ஒருவனுக்கும் அந்தச் சீருடையில் எழுதப்பட்டிருப்பது தன் ஊரின் பெயரே. சிங்களத் தலைவரின் கீழ் பாகிஸ்தானின் சொயிப் மலிக்கும் குடாநாட்டின் வியாஸ்காந்தும் ஒன்றாக ஆடிய அணியை எமது மக்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டனர். அந்த விசாலம், வீரர்களைத் தேடும் தெரிவுப் போட்டிகளிலும் பிரதிபலிக்க வேண்டும். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களின் மைதானங்களுக்கும், மீளக்குடியேறியும் குடியேறாமலும் வாழும் முஸ்லிம் இளைஞர்களுக்கும் அவை சென்றடைய வேண்டும்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். வரவேற்கத்தக்க முயற்சி அது. எனினும் அப்பகுதியின் ஈரநிலங்கள் குறித்துச் சுற்றாடல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்விகளுக்குத் தெளிவான பதில் வழங்கப்படுதல் அவசியம். அத்துடன் கட்டடம் மட்டும் கிரிக்கெட்டை வளர்க்காது என்பதற்கு அம்பாந்தோட்டை மைதானமே பாடம். 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்ட அந்தப் பிரமாண்டமான அரங்கு, ஆண்டின் பெரும் பகுதியை வெறுமையிலேயே கழித்து வந்திருக்கின்றது.

ஆகவே புதிய உரிமையாளர் யார் என்ற கேள்வியிலும் பார்க்க, எந்த நிபந்தனைகளின் பேரில் அவர் யாழ்ப்பாணத்தின் பெயரைப் பயன்படுத்துகின்றார் என்ற கேள்வியே முக்கியமானது. ஒவ்வொரு போட்டியிலும் வடக்கைச் சேர்ந்த ஒருவரேனும் ஆடும் பதினொருவரில் இடம்பெற வேண்டும். ஆண்டு முழுவதும் இயங்கும் பயிற்சிக் கூடம் ஒன்று குடாநாட்டில் நடத்தப்பட வேண்டும். மைதானம் தயாரானதும் குறிப்பிட்ட எண்ணிக்கையான போட்டிகள் இங்கு நடைபெற வேண்டும். மாவட்ட கிரிக்கெட் சங்கத்துக்கும் பாடசாலைகளுக்கும் நிர்வாகத்தில் ஆலோசனை வழங்கும் இடம் இருத்தல் வேண்டும். இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால், முதலாளி மாறினாலும் பயிற்சிக் கூடம் ஊரில் நிலைக்கும்.

இக்கோரிக்கைகளை முன்வைக்க வேண்டியவர்கள் ரசிகர்களே. நான்கு கிண்ணங்களைக் கொண்டாடிய அவர்களுக்கு அந்தத் தார்மீக உரிமை உண்டு. உரிமையாளர் நீக்கப்பட்டபோது எழுந்த கோபத்தில் ஒரு சிறு பங்கையேனும், வலைப்பயிற்சிக்கு ஒழுங்கான ஆடுகளம் இல்லாத பாடசாலைச் சிறுவனுக்காக அவர்கள் செலவிடுவார்களாயின், அடுத்த கிண்ணம் வரும்போது அதில் பொறிக்கப்படும் பெயர் இரவல் பெயராக இராது.