பரியாசக்காரர் என்னும் பெயர்



பாக்கியவான் அமரலாகாது என்று முதலாம் சங்கீதம் விலக்கிவைக்கும் இருக்கை பரியாசக்காரருடையது. எபிரெய மூலத்தில் அந்தப் பரியாசக்காரனைக் குறிக்கும் சொல் ‘லேட்ஸ்’. ஏறத்தாழ அதே ஒலியுடைய பெயரைத் தாங்கி வாழ்ந்த போலந்துக் கவிஞர் ஒருவர் உண்டு. அவர் ஸ்தனிஸ்லாவ் யெஜி லெட்ஸ்.

1909ஆம் ஆண்டு லிவிவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இன்று உக்ரைனில் உள்ள அந்நகரம் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. 1939இல் சோவியத் படைகள் அங்கே நுழைந்தபோது ஸ்டாலினைப் புகழ்ந்து பாடிய கவிஞர்களில் அவரும் ஒருவர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் நாட்சிகள் வந்தனர். தர்னோபொல் முகாமில் அவரை அடைத்தனர். 1943இல் மரணத் தீர்ப்புப் பெற்று, தமக்கான குழியைத் தாமே தோண்டும்படி நிறுத்தப்பட்ட அவர், கையிலிருந்த மண்வெட்டியாலேயே காவலனை வீழ்த்திவிட்டு, ஜெர்மானியச் சீருடையில் வார்சாவுக்குத் தப்பினார் என்பது அவரைப்பற்றிச் சொல்லப்பட்டுவரும் வரலாறு. அந்தக் குழியைக் குறித்துப் பின்னாளில் கவிதையும் எழுதினார்.

போருக்குப்பின் வியன்னாவில் தூதரகப் பணி. 1950இல் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்வு. 1952இல் மீண்டும் போலந்து. போலிஷ் மொழியை விட்டு அவரால் வாழ முடியவில்லை. திரும்பிவந்தவருக்கோ, சொந்தப் படைப்புகளை வெளியிடச் சில ஆண்டுகள் அனுமதி இல்லை. மொழிபெயர்ப்புகளே கைகொடுத்தன. 1957இல்தான் ‘சீவப்படாத எண்ணங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய சிறுவாக்குகளின் தொகுப்பு வந்தது. ஒவ்வொன்றும் ஓரிரு வரி. யார்மீதும் பெயர்சொல்லிக் குற்றஞ்சாட்டாத வரிகள். ஆயினும் தம்மைத்தான் சொல்கிறார் என்று அதிகாரத்தில் இருந்தோர் உணரக்கூடியவை. (ஒரு மணி நேரம் பிரசங்கிக்கும் எங்களைப் போன்றோர் இவரிடம் கற்கவேண்டியது உண்டு.) எல்லா வரிகளும் சிறந்தவை அல்ல. சில வெறும் சொல்விளையாட்டு. விசுவாசிக்கு உறுத்தலாகும் வரிகளும் உண்டு.

அப்படியானால் இவர் சங்கீதம் கண்டிக்கும் பரியாசக்காரரா? அல்ல என்பதே என் துணிபு. வேதம் எல்லா நகைப்பையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. நீதிமொழிகள் 17:5 கடிந்துகொள்வது எளியவனை நோக்கிய ஏளனத்தை. அதே வேதத்தில் எலியா கர்மேலில் பாகாலின் தீர்க்கதரிசிகளைக் கேலி செய்கிறார்; ஏசாயா 44ஆம் அதிகாரம், மரத்தின் ஒரு பாதியில் குளிர்காய்ந்து மறுபாதியை வணங்குகிறவனைப் பார்த்து நகைக்கிறது; கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோர் என்று நம் ஆண்டவர் வேதபாரகரைச் சாடுகிறார். இங்கெல்லாம் நகைப்பு மேலிருப்பவரை நோக்கியே எழும்புகிறது. மேலும், பரியாசக்காரனுக்கு நீதிமொழிகள் தரும் முக்கிய அடையாளம் அவன் கண்டிப்பைப் பகைப்பது. அந்த அளவுகோலின்படி, அன்றைய போலந்தில் அந்த இருக்கையில் அமர்ந்திருந்தது லெட்ஸ் அல்ல, அவர் எழுத்தைத் தடுத்துவைத்த அதிகாரமே.

இதை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. திருச்சபைக் கூட்டங்களில் ஒரு வாலிபன் கணக்கைப்பற்றிச் சிரித்துக்கொண்டே ஒரு வரி கேட்டால், பெரியவர்கள் உடனே முதலாம் சங்கீதத்தை எடுக்கிறோம். கேள்விக்குரிய பதிலோ வருவதில்லை. அவன் அடுத்த ஆண்டு கேட்கமாட்டான். சில நேரம் ஆராதனைக்கும் வரமாட்டான்.

லெட்ஸின் வரிகளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றவர் கார்ல் டெடேசியுஸ். ஹிட்லரின் படையில் போர்வீரனாய் இருந்து, ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்டவர். அந்த மொழிபெயர்ப்பை ஜெர்மானியர் விரும்பி வாங்கிப் படித்தார்கள். 1966 மே மாதம் லெட்ஸ் வார்சாவில் இறந்தபோது, ஒருகாலத்தில் அவருக்கு அச்சகக் கதவை அடைத்த அரசே அவரை மரியாதையுடன் அடக்கம்செய்தது.