குருதியின் குற்றமன்று

வன்னிப் பெருநிலத்தில் சம்பந்தம் பேசுவோர் சாதகத்தோடு வேறொன்றையும் ஆராய்கின்றனர். பெண்ணின் தந்தையோ பாட்டனோ புற்றுநோயால் இறந்தவரெனின், “பரம்பரை வியாதி” என்ற சொல்லோடு பேச்சு முறிந்துவிடுகிறது. உயிரியல் பயின்று பட்டம் பெற்றவர் வீட்டிலும் இதுவே நிலை. பரம்பரையலகு கெடுவதனாலன்றோ புற்றுநோய் வருகிறது என்று அவர் விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு அழைப்பார். பாடநூல் சூட்டிய பெயரே அவரை மயக்கிவிட்டது போலும்.

பரம்பரையலகில் நேரும் விகாரமெல்லாம் பரம்பரைக்குச் செல்வதில்லை. விந்திலும் முட்டையிலும் உள்ளதே சந்ததியைச் சேரும். கன்னத்தின் உட்புறத்துக் கலமொன்றில் நேர்ந்த விகாரம் அக்கலத்திலிருந்து பெருகும் கலங்களோடு நின்று, அம்மனிதரோடு மடிகிறது. இத்தகைய உடற்கல விகாரங்கள் பல ஆண்டுகளாக ஒன்றன்மேலொன்று சேர்வதாலேயே பெரும்பாலான புற்றுநோய்கள் தோன்றுகின்றன. பெற்றோர்வழி வந்த விகாரத்தால் விளைவன நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. பிள்ளை பிறந்து முப்பது ஆண்டுகளின் பின் தந்தையின் கன்னத்தில் நேர்ந்த கேடு பிள்ளையின் உடலுள் எவ்வழியாற் புகும்?

இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறுவது வாய்ப்புற்றுநோய். வயல் வரம்பிலும் செத்தவீட்டிலும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன கொடுப்பினுள் மணிக்கணக்காக அடக்கப்படுகின்றன. கலப்பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி53 என்ற பரம்பரையலகு அவ்விடத்திலேயே பழுதடைகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலும், பாக்கைத் தனித்தே 2004இலும் புற்றுநோய் விளைப்பனவாக வகைப்படுத்தியது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்ததே எனச் சிலர் வாதிடுவர். இருவருக்கும் பொதுவாயிருந்த வெற்றிலைத் தட்டத்தை அவர்கள் ஏன் காண்பதில்லை? பெண்ணின் பாட்டனைப் பற்றித் துருவித்துருவி விசாரிப்போர், மாப்பிள்ளையின் கொடுப்பில் இருப்பதைக் கேட்பதில்லை.

பழிக்கு அஞ்சும் குடும்பம் நோயை மறைக்கிறது. வாயில் வெண்படலமோ செந்திட்டோ கண்டவுடன் பல்வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது, மகளின் கலியாணம் முடியட்டும் என்று மூடிவைக்கப்படுகிறது. 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டமையால், வன்னி நோயாளர் சிகிச்சைக்கெல்லாம் மகரகம வரை செல்லவேண்டிய நிலை தளர்ந்தது. ஆயினும் வாய் திறக்க இயலாத நிலையில், புண் கழுத்துக் கணுக்களுக்குப் பரவிய பின்னர் அங்கு கொண்டுசெல்லப்படுவோரை அந்த வைத்தியசாலை என்செய்யும்? அவர்களைத் தாமதிக்கச் செய்தது சாதகம் பார்த்தவரின் நாக்கு.