இரண்டாவது குண்டுக்காக வாங்கப்படும் துப்பாக்கி

அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா பக்கம் பனிக்காலத்து விடியற்காலையில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் புதருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஐம்பது கஜம் தள்ளி ஒரு சின்ன ஒலிபெருக்கி, அடிபட்ட முயலைப் போல வீறிட்டுக்கொண்டிருக்கும். பதினைந்து, இருபது நிமிஷம் காத்திருப்பு. வந்தால் வரும். வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த மேட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வர வேண்டிய விருந்தாளியின் பெயர் கயோட்டி. நம்மூர் குள்ளநரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எடை 10 கிலோவிலிருந்து 20 கிலோ வரை. ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது, நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க் உட்பட. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று பண்ணைக்காரர்களுக்குக் கோபம். ரோமத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் சுடுகிறவர்கள் தனி.

இந்த வேட்டைக்குக் கிளம்பும் புதியவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தச் செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான். கேள்வியிலேயே பாதி பதில் ஒளிந்திருப்பதை அவர் கவனிப்பதில்லை. செமி-ஆட்டோமேட்டிக்தான் என்று யார் முடிவு பண்ணியது? எப்போது? கடைக்காரரைக் கேட்டால் ஏஆர்-15 வகையைக் கையில் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். போல்ட் துப்பாக்கி என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். "முதல் குண்டு தவறினால் இரண்டாவது உடனே ரெடி சார்." இந்த ஒரே ஒரு வாக்கியத்தில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

முதல் குண்டு தவறியதும் கயோட்டி நின்று யோசித்துக்கொண்டிருக்காது. மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய பிராணி அது. .223 ரெமிங்டன் ரகத்தில் 55 கிரெய்ன் குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 3,200 அடி. போகப்போக வேகம் குறையும் என்பதால் 200 கஜத்தைக் கடக்கக் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குள் குறுக்கே ஓடும் கயோட்டி 11, 12 அடி நகர்ந்திருக்கும். அதாவது மூக்கிலிருந்து வால்நுனி வரை அளந்தால் மூன்று கயோட்டி நீளத்துக்கு முன்னால் வெற்றிடத்தில் குறிவைக்க வேண்டும்! ஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டு, இதயம் திடும் திடும் என்று அடிக்க, கை மரத்துப்போன குளிரில். நின்றிருந்த மிருகத்தையே கோட்டைவிட்ட அதே ஆள் இதைச் செய்துவிடுவார் என்று நம்புவதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? இரண்டு, மூன்று, நான்கு குண்டுகள் மண்ணில். அல்லது அதைவிட மோசமாக, ஒரு குண்டு வயிற்றிலோ பின்னங்காலிலோ. மிருகம் எங்கேயோ போய் இரண்டு நாள் கழித்துச் சாகும். சுட்டவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அனுபவஸ்தர்கள் வேறொரு வித்தை வைத்திருக்கிறார்கள். ஓடிவரும் கயோட்டியை நிறுத்த வாயாலேயே "வவ்" என்று ஒரு குரைப்பு. பெரும்பாலும் திடுக்கிட்டு ஒரு நொடி நின்று பார்க்கும். அப்போது சுடுகிறார்கள். சுட்ட பிறகும் குட்டி வலியில் கத்துவது போன்ற ஒலியை எழுப்பினால், ஓடிப்போன ஜோடி சில நேரம் நின்று திரும்பிப் பார்க்கும். ஆக இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பது தொண்டையும் பொறுமையும். பழகிய கைக்குப் போல்ட்டை இழுத்துத் தள்ள ஒன்றரை விநாடி போதும். நின்று பார்க்கும் மிருகத்துக்கு அது தாராளம்.

இதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஜோடியாக, மூன்றாகக் கூட வருமே, அப்போது? உண்மைதான். ஒன்று விழுந்ததும் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் அடுத்ததைப் பிடிக்கச் செமி-ஆட்டோ உதவும். குட்டி போடும் பருவத்தில் ஆட்டு மந்தையைக் காவல் காக்கும் பண்ணைக்காரருக்கு இது வேடிக்கை விஷயமும் இல்லை. அப்படிப்பட்டவர் வாங்கட்டும். ஆனால் கடையில் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் ஆடு வளர்க்கிறார்கள்?

ராணுவத்தில் பிறந்த துப்பாக்கி என்பதால் கூடாது என்று சிலர் வாதாடுவார்கள். அது சொத்தை வாதம். போல்ட் துப்பாக்கியும் ராணுவத்தில் பிறந்ததுதான். இன்றைய வேட்டைத் துப்பாக்கிகளில் பாதிக்கு மூதாதை 1898-ஆம் வருஷத்து ஜெர்மன் மௌசர். ரூகர் கம்பெனியின் மினி-14 என்று ஒன்று இருக்கிறது. அதுவும் செமி-ஆட்டோ, அதுவும் .223. மரக்கட்டை போட்டுப் பார்க்கச் சாதுவாக இருக்கும். 1994-லிருந்து 2004 வரை அமெரிக்காவில் அமலில் இருந்த தடைச் சட்டம், மடக்காத கட்டை போட்ட மினி-14-ஐப் பெயர் சொல்லியே விலக்கி வைத்தது. சில ஏஆர் ரகங்களைப் பெயர் சொல்லியே தடுத்தது. உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்று. முகத்தைப் பார்த்துச் சட்டம் போட்டால் முகத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

முகம் மாற்றும் இந்தக் கலையில் 2007-ல் நடந்த ஒரு கதை இருக்கிறது. ஜிம் ஜம்போ என்று ஒரு மூத்த வேட்டை எழுத்தாளர். 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் பல வருஷம் எழுதியவர், டிவியில் சொந்த நிகழ்ச்சி, ரெமிங்டன் கம்பெனியின் ஆதரவு. அந்த வருஷம் பிப்ரவரியில் வயோமிங்கில் கயோட்டி வேட்டைக்குப் போன இடத்தில், இந்த ஏஆர் ரகத் துப்பாக்கிகளுக்கு வேட்டையில் வேலை இல்லை என்று இணையத்தில் எழுதினார். பயங்கரவாதிகளின் துப்பாக்கி என்கிற அளவுக்குப் போய்விட்டார். வார்த்தை மோசம்தான், பின்னால் மன்னிப்பும் கேட்டார். பிரயோஜனமில்லை. சில நாட்களிலேயே பத்திரிகை போச்சு, டிவி நிகழ்ச்சி போச்சு, ரெமிங்டனும் உறவை முறித்துக்கொண்டது. அவரைத் தூக்கி எறியச் சொல்லி ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் இல்லை, துப்பாக்கிப் பிரியர்கள்!

அடுத்த வருஷம், 2008-ல், அதே ரெமிங்டன் ஆர்-15 என்று ஒரு துப்பாக்கியை இறக்கியது. ஏஆர்-15-தான். மேலே புதர் நிறத்தில் வேட்டைக்காரர் சட்டை மாதிரி வண்ணம் பூசி, .223-லும் .204 ரூகரிலும், ஊனுண்ணி வேட்டைக்கென்றே செய்தது என்று விளம்பரம். செய்து கொடுத்தது அதே குழுமத்தைச் சேர்ந்த புஷ்மாஸ்டர். 2009-ல் துப்பாக்கி உற்பத்தியாளர்களின் சங்கம் இந்த வகைக்கே 'நவீன விளையாட்டுத் துப்பாக்கி' என்று பெயர்சூட்டு விழா நடத்தியது. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புரியாத வித்தை அல்ல. சரக்கு முதலில் இருந்தது. அதற்கு ஒரு காரணம் பிறகு தேடப்பட்டது. கயோட்டி தோதாக மாட்டியது. மான் வேட்டையைப் போல அதற்குக் கடுமையான சீசன் கட்டுப்பாடு பல மாநிலங்களில் கிடையாது, இத்தனைதான் என்ற உச்சவரம்பு கிடையாது, பரிந்து பேசவும் ஆள் குறைவு. செருப்புக்குத் தகுந்தாற்போல் காலை வெட்டியிருக்கிறார்கள்.

அதே புஷ்மாஸ்டர் இன்னொரு பக்கம், இந்தத் துப்பாக்கி கையிலிருந்தால்தான் ஆம்பிளை என்கிற தொனியில் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றது புஷ்மாஸ்டர் துப்பாக்கி. பெற்றோர்கள் தொடுத்த வழக்கு முக்கியமாக விளம்பரத்தைப் பற்றியது. 2022-ல் 7.3 கோடி டாலர் நஷ்டஈட்டில் முடிந்தது. ஒரே சரக்கு, ஒரு கடையில் கயோட்டிக்கு, இன்னொரு கடையில் ஆண்மைக்கு. வாங்குகிறவர் தான் எந்தக் கடையில் நிற்கிறோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது.

'ஒவ்வொரு துப்பாக்கி விற்பனையிலும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பணம் போகிறதே' என்பார்கள். போகிறது, மறுக்கவில்லை. 1937-ஆம் வருஷத்துச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது 11 சதவீத வரி மாநிலங்களின் வனத்துறைகளுக்குச் சேர்கிறது. ஆனால் போல்ட் துப்பாக்கிக்கும் அதே 11 சதவீதம்தானே!

வேகமான இரண்டாவது, மூன்றாவது குண்டினால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வட கரோலினாவின் கிழக்கில் ஐந்து மாவட்டங்களில் மட்டும் செந்நிற ஓநாய் காட்டில் வாழ்கிறது. எஞ்சியிருப்பது சில பத்துகள்தான். கயோட்டி என்று நினைத்துச் சுட்டதில் செத்தவை பல. 2014-ல் நீதிமன்றம் அந்த ஐந்து மாவட்டங்களிலும் கயோட்டி வேட்டையையே நிறுத்தியது. அதே வருஷக் கடைசியில் பகல் வேட்டை மட்டும் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. புதரிலிருந்து வெளியே வருவது எது என்று பார்க்கத் தேவைப்படும் அந்த இரண்டு விநாடியை எந்தத் துப்பாக்கியும் கொடுக்காது. கைப்பிடியை இழுக்கும் வேலை இருந்தால் மூளைக்குக் கொஞ்சம் அவகாசமாவது கிடைக்கும்.

இவ்வளவு சுட்டும் கயோட்டி குறைந்ததா என்றால், இல்லை. மத்திய அரசின் காட்டுயிர் சேவைத் துறை மட்டுமே சமீப வருஷங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. கூட்டம் கலைந்தால் அதுவரை குட்டி போடாத பெட்டைகளும் போட ஆரம்பிக்கின்றன, உணவுக்குப் போட்டி குறைவதால் பிழைக்கும் குட்டிகளும் அதிகம். ஆட்டைத் தூக்கிய அந்தக் குறிப்பிட்ட கயோட்டியைச் சுட்டால் பலன் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டால் பலன் தோட்டாக் கம்பெனிக்கு.

இதற்குப் பிறகும் ஒருவருக்குச் செமி-ஆட்டோதான் சரி என்றால் (பண்ணைக்காரர் விஷயத்தில் அது சரியே) பணத்தை எங்கே போடுவது என்பதாவது தெரிய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். துப்பாக்கியை வாங்கிவிட்டு டார்ச், லேசர், முன்பிடி, 30 தோட்டா மேகசின் என்று மாட்டிக்கொண்டே போவார்கள். மூன்றரைக் கிலோவில் தொடங்கியது ஐந்து கிலோவாகும். பனியில் ஒரு நாளைக்கு எட்டு மேடு ஏறி இறங்குகிறவருக்கு அந்த ஒன்றரைக் கிலோ என்ன செய்யும் என்று சாயங்காலம் தெரியும். ஐந்து தோட்டா மேகசின் போதும். தரையில் படுத்தால் மண்ணில் இடிக்காது.

முதலில் பார்க்க வேண்டியது விசை. ராணுவ பாணியில் வரும் சாதா விசை ஆறேழு பவுண்டு அழுத்தம் கேட்கும், நடுவில் மணலை அரைப்பது போல நறநறக்கும். நல்ல விசை மூன்று பவுண்டு வாக்கில் சுத்தமாக விடும். அடுத்தது குழலின் புரி. 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 40 முதல் 60 கிரெய்ன் வரை கயோட்டிக்குத் தேவையான எல்லாக் குண்டும் ஒழுங்காகப் போகும். குழலின் மேல் .223 என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ராணுவத்தின் 5.56 தோட்டாவைப் போடக்கூடாது, அழுத்தம் எகிறும். .22-250 இன்னும் வேகம், ஆனால் ஏஆர்-15 மேகசினுக்குள் அது நுழையாது. ரோமம் விற்கிறவருக்கு அது போடும் ஓட்டையும் கட்டுப்படியாகாது. ரோமச் சந்தையே படுத்துக் கிடக்கிறது, கனடா கூஸ் கம்பெனி 2022-க்குள் ரோமத்தைக் கைவிடுவதாக 2021-ல் அறிவித்தபிறகு. எண்ணெயைக் கொட்டக்கூடாது, கடுங்குளிரில் எண்ணெய் இறுகினால் தானியங்கி வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும். முதல் தோட்டாவை ஏற்றும்போது எழும் "சடக்" சத்தம் அமைதியான விடிகாலையில் வெகுதூரம் கேட்கும் என்பதையும் கடைக்காரர் சொல்லமாட்டார். அடர்ந்த புதர்க்காடு என்றால் 40 கஜத்துக்குள்தான் எல்லாம் நடக்கும். அங்கே ரைபிளே வேண்டாம், ஷாட்கன் போதும்.

மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகலாம். 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்துவிட்டால் அதுவரை எந்தத் தூரத்திலும் குண்டு ஏற்ற இறக்கமாக இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகாது; பெரும்பாலான கயோட்டிகள் விழுவது அந்தத் தூரத்துக்குள்தான். பெஞ்சில் சாய்ந்து சுடாமல், தரையில் உட்கார்ந்து முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பழக வேண்டும்.